பதினொன்று நாற்பதின் தாகம்

வெள்ளைத்தரவையில் ஒரு பிள்ளை எந்த வருஷம் பிறந்தது என்று கேட்டால் இன்றைக்கும் ஜனங்கள் தாகம் இடம் மாறின வருஷத்துக்கு முந்தி என்றோ பிந்தி என்றோதான் சொல்வார்கள், தேதியெல்லாம் ஆதார் கார்டு எடுக்க வருகிறவனுக்கு. அந்த வருஷம் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஊரில் ஆயிரத்துச் சொச்சம் பேரும் அவரவர் தொண்டையில் அடுத்தவர் தாகத்தோடு கண் விழித்தார்கள். சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. காலையில் ஒரு டம்ளர் சாயந்திரம் ஒரு டம்ளர் என்று காலத்தை ஓட்டிய டிரில் வாத்தியார் கனகவேல், பிரேயரில் பாதி வாழ்த்துப்பாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளைகள் குடிக்கிற டிரம்மில் வாயை வைத்தார். அதே நேரத்தில், இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதியில் அரை மணிக்கு ஒரு சொம்பு குடித்துக்கொண்டிருந்த ரைஸ்மில் பால்துரை பத்து மணி வரைக்கும் சொம்பைத் தொடவே இல்லை என்று கண்டு, மனுஷன் போய்ச்சேர்ந்துவிட்டாரோ என்று அவர் பெண்டாட்டி மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். வாத்தியார் குடிக்கக் குடிக்க மில்காரருக்குத் தாகம் தீர்ந்தது. குடித்த தண்ணீரை வெளியே விடுகிற பாடு மட்டும் குடித்தவர் பாடு.

ஏன் நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். தெரியும் என்று வந்தவர்கள் எல்லாம் தட்சணை கேட்டார்கள், ஜனங்களும் கொடுத்துப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சுகாதார நிலையத்துச் சுவரில், ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் என்று சிரிக்கிற குடும்பம் ஒன்றின் படம் வெகுகாலமாக ஒட்டியிருந்தது. அந்த எட்டு டம்ளர் கணக்குக்குள் அடங்குகிற ஒரு ஆத்மாகூட ஊரில் கிடையாது என்பது அந்த வருஷம்தான் வெட்டவெளிச்சம் ஆனது. உலை முன்னால் நிற்கிறவன் தாகம் ஒரு மாதிரி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ரசீது எழுதுகிறவன் தாகம் ஒரு மாதிரி, காய்ச்சல்காரன் தாகம் கசப்பு, கருவாடு தின்றவள் தாகம் அவசரம். உப்பு லாரி ஓட்டுகிற சேவியர் கல்யாணம் ஆகாதவன். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் லாரியை ஓரங்கட்டி ஒரு பாட்டிலைக் காலிபண்ணிவிட்டு, "யாரோ கைப்பிள்ளைக்காரி, பால் கொடுக்கிற நேரம்" என்று எடைமேடைக்காரரிடம் சொல்வான், சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். சாராயத் தாகம் மட்டும் இடம் மாறவில்லை, அது அவனவனிடமே இருந்தது, அதில் சில பெண்டாட்டிமார்களுக்கு ஏக வருத்தம்.

உப்பளத்துக்காரி சுயம்புக்கனிக்கு இதில் ஒன்றும் ஆச்சரியமாகப் படவில்லை. அதற்கு முந்தின சித்திரையிலிருந்தே அவளுக்கு எதுவும் எப்படியும் படவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே மகள் ரெத்தினா, பத்தொன்பது வயசு, கூடவே உப்பு வார வந்தவள், உப்புப் பாத்திக்குள் நிற்கும்போதே விழுந்து, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். பதினேழாம் நாள் சுயம்புக்கனி உப்பு வாருகிற வாருபலகையை எடுத்துக்கொண்டு அதே பாத்திக்கு வேலைக்குப் போனாள். அழவே இல்லை என்று ஊரில் பேச்சு. அழுதிருந்தால் அதற்கும் ஒரு பேச்சு இருந்திருக்கும். சோறு வைத்தால் சாப்பிட்டாள், பேசினால் பதில் சொன்னாள், காலில் கண்ணாடி குத்தி ரத்தம் வந்தபோது வேறு யார் காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

இந்த இடத்தில் உப்பளத்துப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. உப்பளம் என்பது கண்ணுக்கு எட்டின மட்டும் வெட்டவெளி; மரம் கிடையாது, புதர் கிடையாது, ஒதுங்குவதற்கு ஒரு சுவர் கிடையாது. முதலாளி எப்போதோ நாலு தகரம் நட்டு அதற்குக் கக்கூஸ் என்று பெயர் வைத்தார். ஆடிக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது, அவரும் அதோடு மறந்துவிட்டார். ஆம்பிளைகள் திரும்பி நின்றால் தீர்ந்தது. பெண்களோ காலை ஐந்து மணிக்கு வேலைக்கு இறங்குவதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீரில் நாக்கை நனைத்துக்கொண்டால், மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு திரும்புகிற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்க மாட்டார்கள், தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே உப்பு, நடுவில் நாக்கு மரக்கட்டையாகக் கிடக்கும். சமைக்கக் கற்றுக்கொடுப்பதுபோல தாய்மார் மகள்களுக்கு இதையும் கற்றுக்கொடுப்பார்கள். சுயம்புக்கனியும் கற்றுக்கொடுத்தாள். "எம்மா, ஒரு வாய் குடிச்சிக்கிடட்டா?" என்று அந்தச் சித்திரை மாதத்து நாளில் ரெத்தினா கேட்டபோது, "வீட்டுக்குப் போயி குடிளா. இங்க குடிச்சிட்டு எங்க போயி ஒதுங்குவ? லாரிக்காரன் நிக்கான் பாரு" என்று சொன்னது அவள்தான். அதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

தாகம் இடம் மாறின முதல் வாரமே ஊர் சுதாரித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை வாசலில் எல்லோரும் கூடி, எனக்கு இத்தனை மணிக்கு எடுக்கிறது, இப்படி எடுக்கிறது, வெந்நீர் கேட்கிறது, மோர் கேட்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல, அது என்னுடையது, அது எங்க மாமாவுடையது என்று கூட்டத்திலிருந்து குரல் வர, சுவரில் கரிக்கட்டையால் ஜோடி ஜோடியாகப் பெயர் எழுதினார்கள், கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தாலும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்களுக்குத் தண்ணிச் சொந்தம் என்று பெயர் வந்தது. தண்ணிச் சொந்தம் வீட்டு விசேஷத்துக்கு மொய் உண்டு, சாவு விழுந்தால் துட்டிக்குப் போக வேண்டும், "நேத்து மத்தியானம் எனக்கு வறண்டுக்கிட்டே கெடந்துது, நீங்க தூங்கிட்டியளோ?" என்று நடு ரோட்டில் நிறுத்திக் கேட்கிற உரிமையும் உண்டு. மாமியார் தாகம் மருமகளுக்கு வந்த வீடுகளும் இரண்டு இருந்தன, அதைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

உப்பளத்துப் பெண்களுக்கு அது யோகம்தான். அவர்கள் தாகத்தை எங்கோ வீட்டில், பள்ளிக்கூடத்தில், கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் குடித்துத் தீர்த்தார்கள். இவர்களுக்கு நாக்கு ஈரமாக இருந்தது, ஒதுங்க வேண்டிய தொல்லையும் இல்லை. குடித்தவர்கள்தான் அரண்டுபோனார்கள். சுயம்புக்கனியோடு அடுத்த பாத்தியில் வேலை செய்கிற எப்சிபாவின் தாகம் வாய்த்தது வேறு யாருக்கும் இல்லை, கங்காணி தவசிமுத்துவுக்கு. மனுஷன் மூன்று சொம்பு குடித்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து, "ஏட்டி எப்சி, இது ஒரு நாள் தாகம் இல்லட்டி, எத்தன வருசத்துது?" என்று கேட்டார். எப்சிபா உப்பை வாரிக்கொண்டே, "பதினாலு வருசம் அண்ணாச்சி. நீங்க ஆள் எடுத்த நாள்லேருந்து" என்றாள். அவர் நாலாவது சொம்புக்குப் போனார்.

சொந்தத் தாகம் திரும்பி வருவதற்கு ஒரு வழி இருந்தது, அதை டிரில் வாத்தியார்தான் தெரியாத்தனமாகக் கண்டுபிடித்தார். மில்காரரோடு சண்டை போடப் போனவர் அந்தத் தாகம் சொந்தக்காரருக்கு எடுக்கிற இடத்திலேயே, மில் முற்றத்திலேயே நின்று, எடுத்த நேரத்திலேயே ஏழு சொம்பு குடித்து அடி வரைக்கும் தீர்த்துவிட்டார். அந்த நிமிஷமே தாகம் சொந்தக்காரரிடம் போய்விட்டது, பால்துரை சொம்பைக் கொண்டா என்று கத்தினார், வாத்தியாருக்கும் அவருடைய ஒரு டம்ளர் தாகம் திரும்பி வந்தது. ஆக, எடுக்கிற இடம், எடுக்கிற நேரம், கடைசி வாய். இது தெரிந்த பிறகு வேண்டாதவர்கள் போய்த் திருப்பிக் கொடுத்தார்கள், வேண்டியவர்கள் ஒரு வாய் மிச்சம் வைத்தார்கள். சேவியர் பாட்டிலின் அடியில் எப்போதும் ஒரு வாய் இருக்கும். தவசிமுத்துவையும் எப்சிபா கெஞ்சிக் கேட்டு வைத்திருந்தாள், அவரும் கடைசி வாயைக் கீழே ஊற்றிவிடுவார், அது மட்டும் அவரிடத்தில் நல்ல குணம்.

ரேஷன் கடைச் சுவரில் ஜோடி சேராத பெயர் ஒன்றே ஒன்று, சுயம்புக்கனி. அவள் தாகம் தங்களிடம் இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. அவள் தொண்டையில் இருக்கிற தாகத்தையும் ஒருவரும் என்னுடையது என்று கேட்டு வரவில்லை. "எப்பக்கா எடுக்கு?" என்று எப்சிபா இரண்டு மூன்று தடவை கேட்டும் "எடுக்கு" என்பதற்கு மேல் அவள் பேசவில்லை.

அது காலை ஐந்து மணிக்கு, பாத்தியில் கால் வைத்ததும் தொடங்கும். எட்டு மணிக்குக் கொஞ்சம் ஏறும், பத்து மணிக்குத் தொண்டை ஒட்டும், பதினொரு மணிக்கு மேல் அவளே இத்தனை வருஷத்தில் அறியாத தாகமாக, காதுக்குள் இரைச்சல் கேட்கிற தாகமாக ஏறி, திடீரென்று அறுந்துபோகும். தீராது, அறுந்துபோகும், அவ்வளவுதான், பிறகு தொண்டையில் ஒன்றும் இருக்காது. சுயம்புக்கனி வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்து, இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, யாருக்கோ கொடுக்க வேண்டியதாயிற்றே என்று குடத்தைச் சாய்த்துக் குடித்தாள். அது வயிற்றில் விழுந்ததே தவிர எந்தத் தாகத்தின் மேலும் விழவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்து காலையிலேயே குடித்துப் பார்த்தாள், அன்றைக்குத் தாகம் எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் எடுக்காது.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் அது அறுந்த நேரத்தில் அவள் வாருபலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். தவசிமுத்து வரப்பிலிருந்து, "என்ன சுயம்பு, நின்னுட்ட?" என்றார்.

"மணி என்ன அண்ணாச்சி?"

"பதினொண்ணு நாப்பது" என்றார், சொன்னவர் வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றார், அவருக்கும் அந்த நேரம் தெரியும், ரெத்தினா விழுந்ததும் ஆட்டோவுக்கு போன் போட்டபோது பார்த்த நேரம், போலீஸில் கேட்டபோது சொன்ன நேரம். சுயம்புக்கனி குனிந்து மறுபடி வாரத் தொடங்கினாள். அவளுக்கு அழுகை வரவில்லை, பயம் வரவில்லை. ஓ, இவளா என்று மட்டும் நினைத்தாள்.

ஊருக்கு இது தெரிந்தபோது ஊர் இதையும் எடுத்துக்கொண்டது, எதைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவர்களுக்கும் தாகம் உண்டு என்று எல்லோரும் தலையாட்டினார்கள், நாம்தானே தாகத்துக்குத் தண்ணீர் வைக்கிறோம் என்றார்கள், சுவரில் சுயம்புக்கனி பெயருக்குப் பக்கத்தில் ரெத்தினா என்று யாரோ எழுதி, பிள்ளையார் சுழி மாதிரி மேலே ஒரு சிலுவையும் போட்டு, அந்தப் பிள்ளை வேதக்காரி இல்லையே என்று இன்னொருவர் அதை அழித்தார். தாயும் மகளும் தாகம் மாற்றிக்கொண்டதில் என்ன தப்பு என்று கேட்டவர்களும் உண்டு. அதில் என்ன தப்பு என்று சுகாதார நிலையத்து நர்சம்மாதான் சொன்னாள். சுயம்புக்கனியின் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கினாள், தூக்கின தோல் தூக்கினபடியே நின்றது. "இவளுக்காக யாரும் குடிக்கலம்மா. இவ குடிக்கிற தண்ணியும் இவளுக்குச் சேரல. இப்படியே போனா சித்திரை தாண்டாது" என்றாள்.

எப்சிபா அவளைச் சுகாதார நிலையத்திலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள், வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். "எக்கா, பாத்தியில வச்சே குடிச்சிருங்க. அடி வரைக்கும் குடிச்சிருங்க. உங்க தாகம் உங்ககிட்ட வந்துரும்."

"வந்து?"

"வந்து என்ன, உசிரோட இருப்பிய."

"குடிச்சா அவ போயிருவாளே எப்சி" என்றாள் சுயம்புக்கனி.

வாய் சும்மா இருக்கிற ஜாதி இல்லை எப்சிபா. "அதுக்காவ? நெதமும் பதினொண்ணு நாப்பதுக்கு அந்தப் புள்ள நாக்கு வறண்டு செத்துக்கிட்டே கெடக்கணுமா? நெதமுமாக்கா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது அதிகம் என்று தோன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான் குடிக்காதன்னு சொன்னேன்" என்றாள் சுயம்புக்கனி. "ஒரு வாய்தான் கேட்டா. லாரிக்காரன் நிக்கான்னு சொன்னேன்." ஒரு வருஷமாக உள்ளே கிடந்த சொல் வெளியே வந்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பஸ் போனது, புழுதி வந்தது, இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். எப்சிபாதான் அழுதாள். "எங்கம்மையும் எனக்கு அதத்தான் சொல்லிக்குடுத்தா. நானும் எம் மவளுக்கு அதத்தான் சொல்லுதேன்" என்று மூக்கைச் சிந்தினாள்.

அதற்கப்புறமும் பத்து நாள் சுயம்புக்கனி குடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கே கோபமாக வருகிறது, ஆனால் நடந்தது அதுதான். மகளுடைய பொருள் என்று அவளிடம் இருந்ததெல்லாம் அந்தத் தாகம் ஒன்றுதான். துணிமணி எல்லாம் பதினாறாம் நாளே கொடுத்தாயிற்று. காலை ஐந்து மணிக்கு அது வந்து சேரும்போது, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குள் நுழைகிறபோது வருகிற ஒரு நிம்மதி அவளுக்கு வந்தது, அந்த ஒன்றுதான் அவளுக்கு வந்தது, அதற்காகப் பதினொன்று நாற்பதைப் பொறுத்துக்கொண்டாள். உதடு வெடித்தது, கண் உள்ளே போனது, நடந்தால் மூட்டு சத்தம் கேட்டது. நானும் இங்கேயே விழுந்துவிடுவேன், அத்தோடு சரி, என்று வெகு சாதாரணமாக நினைத்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள், ரெத்தினா விழுந்த தேதி. வெயில் என்றால் அன்றைக்கு அடித்ததுதான் வெயில், உப்பு கண்ணைப் பறித்தது. பத்து மணிக்கெல்லாம் தாகம் வழக்கத்தைவிட அதிகமாக ஏறிவிட்டது, பதினொரு மணிக்குக் காதில் இரைச்சல் வந்தது, சுயம்புக்கனிக்குக் கால் தள்ளாடியது. விழப்போகிறோம் என்று தெரிந்த அந்த நேரத்தில்தான் அவளுக்கு முதன்முதலாக ஒன்று உறைத்தது, தான் விழுந்துவிட்டால் நாளைக்கு இந்தத் தாகத்தை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை, இது தீராமல் இப்படியே வெட்டவெளியில் கிடக்கும், ஒரு வாய்தான் கேட்டது, அந்த ஒரு வாய் கடைசி வரைக்கும் அதற்குக் கிடைக்காது. அவளுக்குப் பயம் வந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் வந்த பயம்.

"எப்சி, அண்ணாச்சி கேன எடுத்துட்டு வாட்டி" என்று கத்தினாள்.

தவசிமுத்துவே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், பத்து லிட்டர் கேன், எப்சிபாவின் தாகத்துக்காக அவர் காலையில் நிறைத்து, பாதிக்கு மேல் குடித்திருந்தது. பாத்தி நடுவில் நின்றபடி சுயம்புக்கனி டம்ளர் டம்ளராக வாங்கிக் குடித்தாள். முதல் டம்ளர் சுடுகிற கல்லில் ஊற்றினதுபோலப் போன இடம் தெரியவில்லை. நாலாவது டம்ளரில் காதின் இரைச்சல் நின்றது. ஏழாவது டம்ளரில் நாக்கு நாக்காக ஆனது. வார வந்த பெண்கள் எல்லாம் கூடையைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் வந்து நின்றார்கள். பதினோராவது டம்ளரில் தாகம் அடியில் கொஞ்சமாக, ஒரே ஒரு வாயாக நின்றது. அவள் டம்ளரை உதட்டிலிருந்து எடுத்தாள்.

ஒரு வாய் மிச்சம் வைத்தால் போதும், நாளைக்குக் காலையில் ஐந்து மணிக்கு அது வந்துவிடும். எத்தனையோ பேர் வைக்கிறார்கள். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், எப்சிபா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடிளா" என்று சொல்லிவிட்டு, சுயம்புக்கனி அதையும் குடித்தாள்.

தாகம் போய்விட்டது. பால் குடித்து முடித்த பிள்ளை தானாகவே வாயை எடுத்துக்கொள்வதுபோல, இழுக்காமல் பிடிக்காமல் போய்விட்டது. சுயம்புக்கனி அசையாமல் நின்றாள். வெகு நேரம் கழித்து மணி கேட்டாள், தவசிமுத்து பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம் இருக்கு என்றார். பதினொன்று நாற்பது எப்போது வந்தது எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அவள் பாத்திக்குள்ளேயே உட்கார்ந்து, உப்பை இரண்டு கையாலும் அறைந்துகொண்டு, "எம் மவ செத்துப்போனாளே" என்று, ஊர் ஒரு வருஷமாக எதிர்பார்த்திருந்த அழுகையை அழுதாள்.

அழுகை நடுவிலேயே இன்னொன்று முட்டிக்கொண்டு வந்தது, பதினொரு டம்ளர் தண்ணீர் சும்மா இருக்குமா. அவள் எழுந்து நாலு பக்கமும் பார்த்தாள். வெட்டவெளி, வெள்ளை, தூரத்தில் லாரி. "எனக்கு ஒதுங்கணும் எப்சி" என்றாள். எப்சிபா முந்தானையை உதறி விரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் எல்லோரும், பன்னிரண்டு பேரும் முந்தானையை விரித்துப் பிடித்து முதுகு காட்டிச் சுற்றி நின்றார்கள். தவசிமுத்து திரும்பி நின்றது மட்டும் இல்லாமல், லாரிப் பக்கம் கையை ஆட்டி, திரும்பி நில்லுங்கலே என்று தொண்டை கிழியக் கத்தினார்.

சுயம்புக்கனி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். நடந்தவள் பாதியில் நின்று, தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். வெகு நாளாகப் பழகின ஒரு வறட்சி, ஒரு மாசம்போல எங்கேயோ போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்தது. கேனைச் சாய்த்துப் பார்த்தாள், அடியில் கொஞ்சம் கிடந்தது.

"இன்னும் ஒரு டம்ளர் ஊத்துட்டி" என்றாள். "இது எனக்கு."